குறிப்புரை நூலடைவு எழுதுவது எப்படி? ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வைத் தொடங்கியதும் நெறியாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “இதுவரை என்னென்ன படித்திருக்கிறீர்கள்? குறிப்போடு எழுதிக்கொண்டு வாருங்கள்.” அந்தக் ‘குறிப்போடு’ என்ற சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

குறிப்புரை நூலடைவு என்றால் என்ன?

ஆய்வேட்டின் கடைசியில் வரும் துணைநூற்பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் என்று வரிசையாக இருக்கும். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, அந்த நூலோ கட்டுரையோ எதைப் பற்றியது, எவ்வளவு நம்பலாம், உங்கள் ஆய்வுக்கு எப்படி உதவும் என்று ஒரு பத்தி எழுதினால் அது குறிப்புரை நூலடைவு. ‘அன்னோடேட்டட் பிப்ளியோகிராபி’ என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள். துணைநூற்பட்டியல் நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று பிறருக்குச் சொல்கிறது. குறிப்புரை நூலடைவு முதலில் உங்களுக்கே பயன்படுகிறது. ஆறு மாதம் கழித்து, படித்ததெல்லாம் மங்கிப்போன பிறகு எடுத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

இது இப்போது வந்த பழக்கமா?

இல்லை. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு அல்-நதீம், அரபு மொழியில் கிடைத்த நூல்களை ஆசிரியர் பற்றிய குறிப்புகளோடு ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்ற பெயரில் தொகுத்தார். சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் 1545-இல் லத்தீன், கிரேக்கம், எபிரேய மொழி நூல்களுக்கு அப்படி ஒரு பெரிய அடைவை வெளியிட்டார். தமிழில் அச்சான நூல்களை வகைப்படுத்தி, அறிமுகக் குறிப்புகளோடு ஜான் மர்டாக் 1865-இல் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். நூல்கள் பெருகியபோதெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து, எது எதற்கு உதவும் என்று பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்.

கட்டுரையின் முன்னால் இருக்கும் ஆய்வுச் சுருக்கமே போதாதா?

போதாது. ஆய்வுச் சுருக்கத்தை எழுதுவது அந்தக் கட்டுரையின் ஆசிரியர். தான் என்ன செய்தேன், என்ன கண்டேன் என்று அவர் சொல்கிறார். கட்டுரையின் பலவீனங்களை அவர் அங்கே விரித்து எழுத மாட்டார். உங்கள் ஆய்வுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. குறிப்புரை எழுதுவது நீங்கள். ஒரே கட்டுரைக்கு இரண்டு மாணவர்கள் எழுதும் குறிப்புரைகள் வேறுபடலாம். ஆய்வுக் கேள்விகள் வேறு என்றால் வேறுபடத்தான் வேண்டும்.

முன்னாய்வு மதிப்பீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

குறிப்புரை நூலடைவில் ஒவ்வொரு ஆதாரமும் தனித்தனியாக நிற்கும். இதுவரை நடந்த ஆய்வுகளை அலசும் பகுதியான முன்னாய்வு மதிப்பீட்டில் கருத்துகள்தான் முன்னால் வரும். இந்தச் சிக்கலைப் பற்றி மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம், இடையில் யாரும் தொடாத இடம் இது என்று அங்கே பேசுவோம். நூலடைவை நன்றாகச் செய்து வைத்திருந்தால் முன்னாய்வு இயலுக்குப் பாதிச் சரக்கு கையில் இருக்கும். ஆனால் குறிப்புரைகளை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி ‘முன்னாய்வுகள்’ என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்த ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பத்தியும் ‘இவர் இப்படிக் கூறுகிறார்’ என்றே தொடங்கும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் எங்கே மோதுகிறார்கள் என்பதே தெரியாது.

எத்தனை ஆதாரங்கள், எத்தனை சொற்கள்?

துறையோ நெறியாளரோ சொன்னால் அதுதான் கணக்கு. எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு குறிப்புரைக்கு 100 முதல் 200 சொற்கள் போதும். ஆய்வின் மையத்தில் இருக்கும் நூலுக்குக் கொஞ்சம் கூடலாம், ஓரமாகத் தொட்டுப்போகும் கட்டுரைக்கு நான்கு வரி போதும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இழுக்க வேண்டிய அவசியம் இல்லை.

குறிப்புரையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், எந்த முறையில் விடை தேடினார், என்ன முடிவுக்கு வந்தார் என்பது முதலில். அப்புறம், அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே குறை இருக்கிறது. கடைசியாக, உங்கள் ஆய்வில் இது எந்த இடத்தில் உட்காரும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் குறிப்புரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். டி.என்.ஏ.வின் வடிவத்தைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை பலரும் கேள்விப்பட்டது. 171-ஆம் தொகுதியில் 737, 738 என்று இரண்டே பக்கங்களில் அடங்கிவிடும். அதற்கு இப்படி ஒருவர் குறிப்புரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“இது மிகவும் புகழ்பெற்ற கட்டுரை. டி.என்.ஏ. பற்றிப் பேசுகிறது. என் ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.”

மூன்று வாக்கியங்கள் இருந்தும் கட்டுரையைத் திறந்தே பார்க்காமல் இதை எழுதிவிடலாம். சரி, ஆய்வாளரின் கேள்வி ‘அறிவியல் கண்டுபிடிப்புகளில் பிறருடைய பங்களிப்பு எப்படி ஒப்புக்கொள்ளப்படுகிறது?’ என்று வைத்துக்கொண்டு மறுபடி எழுதிப் பார்ப்போம்:

“டி.என்.ஏ. மூலக்கூறுக்கு இரட்டைச் சுருள் வடிவத்தை முன்வைக்கும் சிறிய கட்டுரை. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரண்டு இழைகள், அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் மட்டும் இணைவது ஆகியவை இதன் மையம். ஆசிரியர்கள் தாங்களே செய்த எக்ஸ் கதிர்ச் சோதனை எதுவும் இதில் இல்லை. மாதிரி கட்டிப் பார்த்ததும் ஏற்கெனவே தெரிந்த தரவுகளும்தான் அடிப்படை. அதுவரை வெளியான எக்ஸ் கதிர்த் தரவுகள் இந்த வடிவத்தைக் கறாராகச் சோதிக்கப் போதாது என்று அவர்களே சொல்கிறார்கள். வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் ஆகியோரின் வெளியிடப்படாத சோதனை முடிவுகளைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்திருந்ததும் தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று முடிவில் ஒரு வரி வருகிறது. அவ்விருவரும் தத்தம் குழுவினரோடு எழுதிய கட்டுரைகள் அதே இதழில் உள்ளன. மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். பங்களிப்பு எந்தச் சொற்களால் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதற்கு இரண்டாம் இயலில் இதை முதன்மைச் சான்றாகக் கொள்வேன்.”

இதே கட்டுரையை, மாதிரிகளை வைத்து வேதியியல் கற்பிப்பது பற்றி ஆராயும் இன்னொருவர் எடுத்தால், நன்றி சொல்லும் வரி அவருக்கு முக்கியமில்லை. மாதிரி கட்டிப் பார்த்து விடைக்கு வந்த முறைதான் அவர் குறிப்புரையில் பெரிதாக நிற்கும். ஆதாரம் மாறவில்லை, கேள்வி மாறியது. அதோடு குறிப்புரையும் மாறியது. அதனால்தான், குறிப்புரை எழுத உட்காரும் முன் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பெரிய அறிஞர்களை விமர்சிக்க நான் யார்?

இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பெயர்பெற்ற ஒருவரின் நூலில் குறை சொல்ல மாணவருக்குக் கை வராது. ஆனால் மதிப்பீடு என்பது குறை கண்டுபிடிப்பது அல்ல, எல்லை கட்டுவது. ‘இந்த ஆய்வு நகர்ப்புறப் பள்ளிகளில் மட்டும் செய்யப்பட்டது, கிராமப்புறத்துக்கு அப்படியே பொருத்த முடியாது’ என்று எழுதுவதில் அவமரியாதை ஏதும் இல்லை. எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், எந்தக் காலத்துத் தரவு, யார் நிதி கொடுத்தது, எதிர்க்கருத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கட்டுரைகளில் ஆசிரியரே தம் ஆய்வின் வரம்புகளை முடிவுரைக்குச் சற்று முன்பு எழுதியிருப்பார். அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் அவர் சொன்னதோடு நின்றுவிடாமல், அந்த வரம்பு உங்கள் ஆய்வை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்க வேண்டுமா?

கட்டுரை என்றால் முழுக்கப் படியுங்கள். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, முடிவுரை. அதிலேயே நமக்கு வேண்டாதது என்று தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகு ஆய்வு முறைப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். முடிவுகள் எந்த அளவுக்கு நிற்கும் என்பது அங்கேதான் தெரியும்.

நூல் என்றால் முன்னுரையும் தொடர்புள்ள இயல்களும் படித்தால் போதும். ஆனால் ‘மூன்றாம், ஐந்தாம் இயல்கள் மட்டும் படிக்கப்பட்டன’ என்று உங்கள் சொந்தப் பிரதியில் நேர்மையாகக் குறித்து வையுங்கள். ஒரு நூலைப் பற்றி இன்னொருவர் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, மூல நூலையே படித்தது போலக் குறிப்புரை எழுதுவது கூடாது. நடுவில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறு உங்கள் பெயரில் தொடரும்.

நல்ல ஆதாரங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு நல்ல கட்டுரையைக் கண்டுபிடியுங்கள், அது போதும். அதன் கடைசியில் உள்ள துணைநூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப்போகும். 2004 முதல் இயங்கும் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் கிடைக்கும். அது முன்னோக்கி அழைத்துப்போகும். இப்படி இரண்டு பக்கமும் போய்வந்தால் அந்தத் துறையில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிடிபடும்.

மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கட்டுரையை மறுப்பதற்காகவும் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டலாம். பணம் வாங்கிக்கொண்டு எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் வெளியிடும் போலி ஆய்விதழ்களும் உண்டு. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையைச் சேர்ந்தவர்களா, துறைசார் மதிப்பாய்வு (வெளியிடும் முன் அதே துறை அறிஞர்கள் கட்டுரையைச் சரிபார்ப்பது) நடப்பது பற்றித் தெளிவாகச் சொல்கிறார்களா, சில நாட்களில் வெளியிடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நூலகரிடம் கேளுங்கள். ஆய்வு மாணவர்கள் நூலகர்களைப் போதிய அளவு பயன்படுத்துவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சேர்க்கலாமா?

முதலில், அது திரும்பப் பெறப்பட்டது, அதாவது வெளியான பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போடப் பயன்பட்ட கட்டுரை 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-இல்தான் இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

தடுப்பூசி பற்றிய தவறான தகவல் எப்படிப் பரவியது என்பதே உங்கள் ஆய்வு என்றால் அந்தக் கட்டுரை கட்டாயம் தேவை. குறிப்புரையின் முதல் வரியிலேயே ‘திரும்பப் பெறப்பட்டது, 2010’ என்று எழுதிவிடுங்கள். மருத்துவச் சான்றாக அதை எடுக்கவே கூடாது. உங்கள் பட்டியலில் இருக்கும் கட்டுரைகளை, திரும்பப் பெறப்பட்டவற்றைத் தொகுத்து வைக்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த வடிவத்தில் எழுதுவது? ஏ.பி.ஏ.வா, எம்.எல்.ஏ.வா, சிகாகோவா?

இவை மூன்றும் நூல் விவரங்களைப் பதிவு செய்யும் முறைகள். துறை கேட்பது எதுவோ அதுதான். பொதுவாக உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் துறைகளில் ஏ.பி.ஏ., இலக்கியத்திலும் மொழியிலும் எம்.எல்.ஏ., வரலாற்றில் சிகாகோ. பதிவின் முதல் வரி ஓரத்தில் தொடங்கி, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி வருவது மூன்றுக்கும் பொது. குறிப்புரை புதிய வரியில் தொடங்க வேண்டும். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி குறிப்புரைப் பத்தி முழுவதும் அரை அங்குலம் உள்ளே இருக்கும், எம்.எல்.ஏ.வில் ஓர் அங்குலம்.

வடிவத்துக்காக இரவெல்லாம் உட்கார வேண்டாம், கடைசியில் சரிசெய்துகொள்ளலாம். கடைசியில் சரிசெய்ய முடியாதது விடுபட்ட தகவல்தான்: பக்க எண், தொகுதி எண், எந்தப் பதிப்பு, டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்). ஒரு மேற்கோளின் பக்க எண்ணைக் குறிக்காமல் விட்டுவிட்டு, 400 பக்க நூலை இரண்டு நாள் மறுபடி புரட்டியிருக்கிறேன். நூல் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

முதலெழுத்தோடு வரும் பெயர்களை எப்படிப் பதிவது?

இந்த வடிவங்கள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. முன்னால் வரும் எழுத்து தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ குறிக்கும். அப்படிப்பட்ட பெயர்களில் இயற்பெயரை முன்னால் வைத்து, முதலெழுத்தைப் பின்னால் தரலாம்: சி. வி. ராமன் என்பது ‘ராமன், சி. வி.’ என்று வரும். முதலெழுத்தை விரித்து எழுதி அதைக் குடும்பப் பெயராக்கிவிடாதீர்கள்.

ஒருவரே இரண்டு இடங்களில் இரண்டு எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தால், நூலில் அச்சானபடியே பதிவு செய்து, இருவரும் ஒருவரே என்று குறிப்புரையில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேட்டில் தமிழ் நூல் வந்தால், ஏ.பி.ஏ. முறைப்படி தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் மொழிபெயர்ப்பைப் பகர அடைப்புக்குள் தர வேண்டும்.

மென்பொருள் ஏதாவது உதவுமா?

உதவும். 2006-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜோட்டெரோ, நூல் விவரங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்; இலவசம், திறந்த மூலம். ஒவ்வொரு பதிவோடும் குறிப்பை இணைத்து வைக்கலாம்; திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் எச்சரிக்கும். மெண்டலே, எண்ட்நோட் ஆகியவற்றையும் பலர் பயன்படுத்துகிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும், அது இணையத்திலிருந்து இழுத்துவரும் விவரங்களைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களைத் தலைகீழாகப் பிரிப்பதும், ஆண்டை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லலாமா?

ஆதாரங்களைத் தேடித் தரச் சொன்னால், இல்லாத கட்டுரைகளை இருப்பது போலவே தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் போட்டுத் தந்துவிடக்கூடும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய பொய்யான தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அதனால் எந்த ஆதாரத்தையும் நீங்களே நூலகத் தளத்திலோ இதழின் பக்கத்திலோ திறந்து பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

குறிப்புரையையே எழுதச் சொல்வது பற்றி என் கருத்து கடுமையானது: வேண்டாம். துறை அனுமதிக்கிறதா இல்லையா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். படித்ததை உங்கள் சொற்களில் நூறு சொல்லுக்குள் அடக்கும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்று உங்களுக்கே தெரிகிறது. அந்த வேலையை வேறு எங்காவது கொடுத்துவிட்டால் கையில் தாள் மட்டும் இருக்கும், படிப்பு இருக்காது.

மூலத்திலிருந்து வாக்கியங்களை எடுத்துப் போடலாமா?

மிக அரிதாக, மேற்கோள் குறியோடும் பக்க எண்ணோடும். ஆய்வுச் சுருக்கத்தில் இரண்டு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டுக் குறிப்புரை என்று தருவது கருத்துத் திருட்டு. நூலை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து உண்மைகளை மட்டும் சரிபாருங்கள்.

எப்படி வரிசைப்படுத்துவது?

வழக்கமாக ஆசிரியர் பெயரின் அகரவரிசை. பட்டியல் நீளமானால் கருப்பொருள் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசையில் வைக்கலாம். ஒரு துறையின் வளர்ச்சியைக் காட்ட வேண்டும் என்றால் ஆண்டு வரிசை பொருந்தும்.

“வெறும் சுருக்கமாக இருக்கிறது” என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

முதல் குறிப்புரைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் திரும்பி வரும், சோர்ந்துவிட வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் ‘ஆசிரியர் கூறுகிறார்’ என்ற வகை வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றால் நெறியாளர் சொன்னது சரி. சுருக்கத்தைப் பாதியாக வெட்டுங்கள். கிடைத்த இடத்தில், பட்டியலில் இருக்கும் இன்னொரு ஆதாரத்தோடு இதை ஒப்பிட்டு ஒரு வாக்கியம், உங்கள் ஆய்வில் இதைக் கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வாக்கியம். ‘பயனுள்ளது’, ‘சிறப்பானது’ போன்ற சொற்களை எடுத்துவிட்டு, எந்த இயலில், எந்த வாதத்துக்கு என்று எழுதுங்கள்.

போதும் என்று எப்போது நிறுத்துவது?

புதிதாக எடுக்கும் கட்டுரைகளின் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். அதில் இருக்கும் முக்கியப் பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் நூலடைவில் இருந்தால், தேடலை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பு மட்டும் இன்னொரு முறை தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கும்.